ஹிரண்மய் மஜும்தாருக்கு ஃபோரிங்தா ஆற்றிய இரங்கல் உரை

எங்கள் ஹரிபத தத்தா சந்தில் ஒருவர் சாவதென்றால் அது இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தை டாக்டர் முடித்துக் கொடுப்பார். இரண்டாவது கட்டம் கிஷோர் சங்கத்தின் மாடிக் கூடத்தில், மாலை ஆறு மணிக்கு, ஃபோரிங்தா மைக்கைப் பிடித்து நாற்பது நிமிடம் பேசிய பிறகுதான் முடியும். நிமதலா சுடுகாட்டில் சாம்பலாகி கங்கையில் கரைந்தே போயிருந்தாலும் சரி, ஃபோரிங்தா தொண்டையைச் செருமி "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று சொல்லாதவரை, டீக்கடை பெஞ்சில் செத்தவருடைய இடத்தில் யாரும் உட்கார மாட்டோம்.

ஃபோரிங் என்றால் வெட்டுக்கிளி, தா என்றால் அண்ணன். பிறந்தபோது கைகால் நீளமாக இருந்ததைப் பார்த்து அவருடைய அத்தை வைத்த பெயர். எழுபத்தொரு வயதிலும், மரணத்தின் மகத்துவத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய மனிதருக்கு அந்தப் பெயர்தான் நிலைத்தது. இதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. வட கொல்கத்தாவில் பிறந்த எவனுக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று, கூப்பிடுவதற்கு. மற்றொன்று பீரோவில் வைத்துப் பூட்டிய வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி. கல்யாணப் பத்திரிகைக்கு வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்துவிடுவார்கள். எங்கள் சந்தில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருக்கிறார். தூக்குத் தண்டனையெல்லாம் கொடுத்தவர். சந்துக்கு அவர் இன்றைக்கும் கத்தரிக்காய்தான்.

ஃபோரிங்தா சணல் கம்பெனி ஒன்றில் முப்பத்தாறு வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். அது பிழைப்பு. தொழில் என்றால் இரங்கல் உரைதான். நூற்றுப் பதின்மூன்று உரைகள். ஒன்றில்கூடத் தகவல் பிழை வந்ததில்லை, ஏனென்றால் அவர் முன்னேற்பாடு இல்லாத மனிதர் அல்ல. சந்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் அவருடைய சிவப்பு டைரியில் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது. யாராவது படுத்துக்கொண்டால் ஆறு ஆரஞ்சுப் பழத்துடன் நலம் விசாரிக்கப் போவார். கட்டிலருகே உட்கார்ந்து, "சின்ன வயசுல நாடகத்துல நடிச்சீங்களாமே, அது எந்த வருஷம்?" என்று பேனாவைத் திறப்பார். அதைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்ட நோயாளிகள் குறைந்தது நாலு பேரை எனக்கே தெரியும். எங்கள் டாக்டரின் கைராசி என்று வெளியே பேசிக்கொள்வதில் பாதி, அந்தப் பேனாவின் கைராசி.

கிஷோர் சங்கம் என்றால் இளைஞர் சங்கம். உறுப்பினர்களின் சராசரி வயது அறுபத்தேழு. அதில் உண்மையான இளைஞன் ஒருவன் நுழைந்து செயலாளரும் ஆகிவிட்டான். துகாய் என்று பெயர், முப்பத்து நாலு வயது, எதையும் சுருக்க வேண்டும் என்ற வியாதி. ஃபோரிங்தாவை முறைப்படி ஜேட்டு, அதாவது பெரியப்பா, என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டேதான் காலை வாருவான்.

"ஜேட்டு, தப்பா நினைக்காதீங்க. நாற்பது நிமிஷம் யார் உட்கார்றாங்க? ஒரு நிமிஷம் மௌனம், ஒரு தீர்மானம், இனிப்புக்கு ஆளுக்கு ஒரு சந்தேஷ். எல்லா இடத்திலும் இப்ப அப்படித்தான்."

"ஒரு நிமிஷத்துல பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம் துகாய். ஒரு மனுஷனுக்கு விடைகொடுக்க முடியாது."

வழக்கு செயற்குழுவுக்குப் போனது. செயற்குழு நான்கு கூட்டம், பன்னிரண்டு கெட்டில் டீ செலவழித்து ஒரு முடிவுக்கு வந்தது: அடுத்து வரும் இரங்கல் கூட்டம் பரிசோதனை. அதில் உரையில் ஒரு பிழை வந்தாலும் மைக் போய்விடும். அப்புறம் நிரந்தரமாக ஒரு நிமிட மௌனம்தான். இந்தத் தீர்ப்புக்குப் பிறகு இரண்டு மாதம் சந்தில் யாரும் சாகவில்லை. வயதானவர்கள் எல்லோரும் மிகவும் ஜாக்கிரதையாக நடந்துகொண்டார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, சங்கத்துக் கரும்பலகையில் துகாயின் கையெழுத்து:

"நம் அன்புக்குரிய ஹிரண்மய் மஜும்தார் மறைந்தார். ஆழ்ந்த துயரத்தில் கிஷோர் சங்கம். இன்று மாலை ஆறு மணிக்கு இரங்கல் கூட்டம். உரை: ஃபோரிங்தா."

ஃபோரிங்தா அதை மூன்று முறை படித்தார். வீட்டுக்குப் போய் டைரியைப் புரட்டினார். எண்பத்து நாலு பக்கம் இருந்தது. கத்தரிக்காய் இருந்தார், குருவி இருந்தார், பெரிய குண்டு, சின்ன குண்டு இருவரும் இருந்தார்கள். ஹிரண்மய் மஜும்தார் என்று ஒரு ஜீவன் இல்லை.

துகாயிடம் கேட்டிருக்கலாம் என்று வாசகர் நினைப்பார். வாசகர் வேறு ஊர்க்காரர். எங்கள் ஊரில் ஒருவனுக்கு வேலை இல்லாமல் இருக்கலாம், சொத்து இல்லாமல் இருக்கலாம். 'தெரியாது' என்று மட்டும் சொல்லக் கூடாது. வழி கேட்டு வரும் அந்நியனுக்குக்கூட நாங்கள் இல்லாத தெருவுக்குச் சரியான வழி சொல்லி அனுப்பியிருக்கிறோம். அதிலும் துகாயிடம் போய் 'செத்தது யாரப்பா?' என்று கேட்பதும், மைக்கைத் தட்டில் வைத்து நீட்டுவதும் ஒன்றுதான்.

கேட்டிருந்தாலும் பயனில்லை. துகாய்க்கும் தெரியாது. முந்தின நாள் பகலில் சங்கத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியது ஒரு வங்கியின் ஓய்வூதியப் பிரிவு. "உங்க ஹிரண்மய் மஜும்தார் எங்க பதிவுப்படி இறந்துட்டார். வாரிசு இருந்தா சான்றிதழோட வரச் சொல்லுங்க." யார் அது என்று கேட்கத் துகாயின் நாக்கு எழவில்லை. அவன் செயலாளர் அல்லவா? "ஆமாங்க, ரொம்ப நல்ல மனுஷன்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஃபோரிங்தா துப்பறியப் புறப்பட்டார். முதலில் மீன் சந்தை. காலை எட்டு மணிக்குள் பையோடு அங்கே வராத ஆண்பிள்ளை ஒன்று ஊரில் இல்லை, இல்லாவிட்டால் உலகத்தில் இல்லை. கட்லா மீன் பேரம் பேசுகிற சாக்கில் குரங்குக் குல்லாய்களை எண்ணினார். இருபத்திரண்டு டிகிரிக் குளிரில் எல்லாரும் கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு வந்திருந்ததால் சிலரை இரண்டு தடவை எண்ண வேண்டியதாயிற்று. மூன்று பேர் குறைந்தார்கள். விசாரித்ததில் இருவருக்கு வயிறு சரியில்லை, மூன்றாமவர் மச்சினி கல்யாணத்துக்கு பர்த்தமான் போயிருந்தார்.

அடுத்து மூக்கு. துக்க வீட்டில் மீன் சமைக்கமாட்டார்கள். பதினொன்றரை மணிக்கு ஃபோரிங்தா சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சன்னலின் கீழும் நின்று மூச்சை இழுத்துக்கொண்டு நடந்தார். அவருடைய மனைவி சுலேகா பௌதி, எங்களுக்கெல்லாம் அண்ணி, மாடியிலிருந்து பார்த்தாள்.

"என்ன, நாய் மாதிரி மோப்பம் பிடிச்சிட்டு?"

"காத்து வாங்கறேன்."

"நம்ம வீட்டுக் காத்துல கடுகு காரமா இருக்கு, மேல வந்து வாங்குங்க."

அன்று பகல் எங்கள் சந்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் மீன் பொரிந்தது. துக்கம் எங்கேயும் இல்லை.

டீக்கடையில் கூட்டம் இருந்தது. எல்லோரும் சோகமாக இருந்தார்கள். ஃபோரிங்தா உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"ஹிரண்மய் போயிட்டார்," என்றார், பொதுவாக.

"போயிட்டார்," என்றார் கத்தரிக்காய்.

"எப்பேர்ப்பட்ட மனுஷன்," என்றார் சின்ன குண்டு.

"ஆமா, அந்த மாதிரி ஒருத்தரை…" கத்தரிக்காய் டீயைப் பார்த்தார். "எப்படிச் சொல்றது."

"நீங்க சொல்லுங்க, நீதிமன்றத்துல பேசின வாய்."

"நான் ஏன் சொல்லணும்? சாயங்காலம் ஃபோரிங் சொல்லப் போறான். அவனுக்குத் தெரியாததா?"

ஃபோரிங்தாவுக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்தப் பெஞ்சில் ஒருவருக்கும் தெரியாது. யாரோ ஒருவர் வாய்விட்டுச் சொல்லுவார், தெரிந்துகொள்ளலாம் என்று ஆறு மணிக்கு மொத்தச் சந்தும் வரப்போகிறது. அந்த யாரோ ஒருவர், தான்தான்.

மிஞ்சியது லாட்டுதா. லாட்டு என்றால் பம்பரம். கடைசி வீட்டு மாடியில் ஒற்றை அறை, கல்யாணம் ஆகாதவர், துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஃபோரிங்தாவுக்கு அறுபது வருடச் சிநேகிதர். அதில் ஐம்பத்தெட்டு வருடம் சண்டையில் போயிற்று. ஆனால் சந்தில் யாருடைய ரகசியமும் அவருக்குத் தெரியும், சொல்லவும் மாட்டார்.

இங்கே வாசகரிடம் ஒன்றை மறைப்பது முறையல்ல. ஹிரண்மய் மஜும்தார் என்பது இந்த லாட்டுதாதான். கல்யாணம் செய்துகொள்ளாததால் பத்திரிகை அச்சாகவில்லை. வாசல் பலகையில் இருந்தது காலமான அண்ணன் பெயர். பூஜை வசூல் ரசீதில் 'லாட்டுதா, மாடி' என்றுதான் எழுதுவார்கள். அந்தப் பெயர் பீரோவை விட்டு வெளியே வர வாய்ப்பே கிடைக்கவில்லை. ஓய்வூதியம் வாங்குபவர்கள் நவம்பர் மாதம் வங்கிக்கு நேரில் போய், தாங்கள் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். நவம்பரில் குளிர் என்பதால் லாட்டுதா போகவில்லை. மீன் சந்தைக்குப் போவது வெளியே போவதில் சேராது. வங்கி முறைப்படி அவரைச் சாகடித்தது. சொந்தமாகத் தொலைபேசி இல்லாத மனிதர், வங்கியில் கொடுத்து வைத்திருந்தது சங்கத்து எண்.

காலையில் கரும்பலகையைப் பார்த்து லாட்டுதா முதலில் சிரித்தார். யாராவது மாடியேறி ஓடிவருவார்கள், வந்தால் டீ போட்டுக் கொடுத்து நையாண்டி செய்யலாம் என்று காத்திருந்தார். மாறாக மூன்று பேர் வழியில் நிறுத்தி, "லாட்டுதா, பாத்தீங்களா, ஹிரண்மய் பாபு போயிட்டாரே," என்று அவரிடமே துக்கம் விசாரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. சரி, என்னதான் சொல்கிறார்கள் பார்ப்போம் என்று இருந்துவிட்டார்.

ஃபோரிங்தா மாடியேறி வந்து, கட்டிலில் உட்கார்ந்து, குல்லாயைக் கழற்றினார்.

"பலகை பாத்தியாடா?"

"பாத்தேன்."

"என்ன சொல்ற?"

"நான் என்ன சொல்ல? செத்தவன் பாவம்."

"உனக்கு நல்ல பழக்கமோ?"

"எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு அவனை யாருக்கும் தெரியாது."

ஃபோரிங்தாவின் கை பேனாவைத் தேடியது. "எனக்கும் எல்லாம் தெரியும். இருந்தாலும் உன் வாயால கேட்டா ஒரு நயம் இருக்கும். கடைசியில அவருக்கு என்ன கஷ்டம்?"

"வயிறு. அப்புறம் ஜனங்க."

"ஜனங்களா?"

"ஒருத்தனும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடல."

ஃபோரிங்தா 'தனிமை' என்று எழுதிக்கொண்டார். "நண்பர்னு யாராச்சும்?"

"ஒருத்தன் இருந்தான். அறுபது வருஷம். மகா முட்டாள்."

"அடப் பாவமே."

"பொண்ணு பாக்கப் போறதுக்கு ஹிரண்மய்கிட்ட சட்டை வாங்கிட்டுப் போனான். வெளிர் நீலம், சாட்டின் மாதிரி பளபளன்னு இருக்கும். அந்தச் சட்டைல மயங்கித்தான் பொண்ணு சரின்னுச்சு. சட்டை திரும்பி வரவே இல்ல."

"சே. இப்படியும் மனுஷங்க இருக்காங்களா?" என்றார் ஃபோரிங்தா, உண்மையான அருவருப்போடு. "அவனெல்லாம் இப்ப உயிரோட இருக்கானா?"

"இருக்கான். நல்லா இருக்கான்."

"எழுதிக்கறேன்."

படியிறங்கும்போது ஃபோரிங்தாவின் நடையில் பழைய மிடுக்கு வந்திருந்தது. மேலே லாட்டுதா நெடுநேரம் கண்ணாடி முன் நின்று தலைசீவினார். சொந்த இரங்கல் கூட்டத்துக்கு ஒருவன் கலைந்த தலையோடு போகலாமா?

ஆறு மணிக்குக் கூடம் நிரம்பியது. செத்தது யார் என்று அறியும் ஆவலில், பாத்ரூமில் விழுந்து இடுப்பொடிந்திருந்த பெரிய குண்டுவையும் நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். புகைப்படம் கிடைக்காததால் ஒரு காலி நாற்காலிக்கு வெள்ளைத் துணி போர்த்தி சம்பங்கி மாலை போட்டிருந்தான் துகாய். ஈச்சவெல்ல சந்தேஷ் பெட்டி ஒரு மூலையில். லாட்டுதா முதல் வரிசையில், இஸ்திரி போட்ட பஞ்சாபி ஜிப்பாவில். துகாய் மேசையருகே காகிதமும் பேனாவுமாக, பிழை பிடிக்கத் தயாராக.

ஃபோரிங்தா எழுந்தார். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"நண்பர்களே. ஹிரண்மய் மஜும்தார் தன்னைப் பற்றித் தம்பட்டம் அடித்துக்கொண்டவர் அல்ல. நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். நம்மில் எத்தனை பேர் அவரை உண்மையில் அறிந்திருந்தோம்?"

கூடம் முழுவதும் தலை குனிந்தது. ஒரு மனிதர் இவ்வளவு துணிச்சலாக உண்மை பேசியதை அந்தக் கூடம் அதற்கு முன் கேட்டதில்லை.

"வயிறு அவரை வாட்டியது," என்றார். நாற்பது கைகள் தம்மை அறியாமல் நாற்பது வயிறுகளைத் தொட்டன. "ஆனால் அதைவிட அவரை வாட்டியது தனிமை. சந்தில் நடந்தார், சந்தையில் நின்றார், பெஞ்சில் அமர்ந்தார். பெயர் சொல்லி அழைக்க ஒருவர் இல்லை."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். லாட்டுதாவின் கண்ணும் கொஞ்சம் கலங்கியது. அறுபது வருடம் தன்னைத் திட்டிய வாயிலிருந்து இது வருகிறது.

"அவருக்கு ஒரு நண்பர் இருந்தார். அந்த நண்பரைப் பற்றிச் சொல்ல என் நாக்கு கூசுகிறது." ஃபோரிங்தாவின் குரல் உயர்ந்தது. வெளிர் நீலச் சட்டையின் கதை முழுவதும் வந்தது, பளபளப்பு உட்பட. "அந்த நன்றிகெட்டவர் இந்தக் கூடத்தில் இருக்கிறாரா, தெரியாது. இருந்தால் வெட்கப்படட்டும்."

பெண்கள் வரிசையில் சுலேகா பௌதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணவனைப் பார்த்தாள். முதல் வரிசையில் லாட்டுதாவைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்தவள் துக்கம் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

துகாயின் காகிதம் வெறுமையாக இருந்தது. முப்பத்தெட்டு நிமிடம், ஒரு பிழை இல்லை. அங்கேயே ஃபோரிங்தா உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கூடம் அழுதுகொண்டிருந்தது. அழுகிற கூடத்தைப் பார்த்த பேச்சாளன் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரு கடைசி அலங்காரம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"இன்னொரு ஹிரண்மயையும் எனக்குத் தெரியும்," என்றார், கண்ணை மூடி. "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தேங்காய்ப்பாலில் வெந்த பெரிய இறாலைத் தட்டில் பார்த்துக் குழந்தைபோல் சிரிக்கும் ஹிரண்மய். இலிஷ் மீனை யார் கொண்டுவந்து வைத்தாலும், 'முள்ளைத் தின்பதற்கு நான் பூனையா?' என்று தள்ளிவிடும் ஹிரண்மய்."

எங்கள் ஊரில் மனிதர்கள் இரண்டு ஜாதி. பத்மா நதிக்கு அக்கரையிலிருந்து பிரிவினையில் வந்தவர்களுக்கு இலிஷ். இக்கரையிலேயே இருந்தவர்களுக்கு இறால். கால்பந்தாட்டக் கட்சி முதல் கல்யாண சம்பந்தம் வரை இதில்தான் பிரியும். ஃபோரிங்தா இறால். லாட்டுதாவின் அப்பா அக்கரைப் பாரிசாலிலிருந்து இரண்டு ட்ரங்குப் பெட்டியோடு வந்தவர். அதில் ஒன்றில் இலிஷ் வெட்டும் அரிவாள்மணை.

லாட்டுதா எழுந்தார்.

"நிறுத்துடா."

மைக் கிறீச்சிட்டது.

"காலைலேருந்து செத்தவனா இருக்கேன். பொறுத்துக்கிட்டேன். தனிமைன்ன, சரி. வயிறுன்ன, அதுவும் சரி. இறால்னு சொன்ன பாரு, அதை நான் ஒத்துக்க மாட்டேன். எங்கப்பா கேட்டா மறுபடியும் செத்துடுவார்."

"நீ எதுக்குடா குதிக்கற? நான் ஹிரண்மயப் பத்திப் பேசறேன்."

"நான்தான்டா ஹிரண்மய்."

ஃபோரிங்தா மாலை போட்ட நாற்காலியைப் பார்த்தார், லாட்டுதாவைப் பார்த்தார், பிறகு மிக மெதுவாகப் பெண்கள் வரிசையைப் பார்த்தார். பௌதி இப்போது மறைக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

துகாய் எழுந்துவிட்டான். "பிழை. ஜேட்டு, பிழை. ஆளே உயிரோட இருக்கார், இதைவிடப் பெரிய பிழை என்ன இருக்கு? மைக்கைக் குடுங்க."

ஃபோரிங்தா கொடுக்கவில்லை. தட்டச்சர் அல்லவா, பிழை எந்த வரியில் என்று பார்க்கத் தெரியும். "செத்துட்டார்னு பலகைல எழுதினது யாரு? செயலாளர். நான் செத்தார்னு ஒரு வார்த்தை சொல்லல, நடந்ததெல்லாம் இறந்த காலத்துல சொன்னேன். அவ்வளவுதான். உரைல தப்பு இருந்தா சம்பந்தப்பட்டவர் சொல்லட்டும்."

நீதிபதி கத்தரிக்காய் தலையசைத்தார். "சம்பந்தப்பட்டவர் சாட்சி சொல்றதுக்குச் சட்டத்துல தடை இல்ல. லாட்டு, சொல்லு."

எல்லோரும் லாட்டுதாவைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் மைக் போய்விடும். ஃபோரிங்தாவின் நீளமான கைகள் மைக் கம்பியைப் பிடித்திருந்த விதத்தை லாட்டுதா கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நன்றிகெட்ட நண்பன் வரைக்கும் ஒரு எழுத்து மாத்த வேணாம்," என்றார். "அந்த இடம் பிரமாதம். மீன் மட்டும் தப்பு."

"மீன் தப்பில்ல," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இறால்தான் ருசி."

"யாருடா அவன்? இறால் மீனே இல்லடா, பூச்சி."

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் கிஷோர் சங்கத்தில் யாரும் மரணத்தைப் பற்றிப் பேசவில்லை. இடுப்பொடிந்த பெரிய குண்டு இலிஷுக்காக எழுந்து நிற்க முயன்றார். சந்தேஷ் பெட்டி காலியானது. மௌனத்துக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காததால் துகாயின் திட்டம் எடுத்துக்கொள்ளப்படாமலே விழுந்தது.

மறுநாள் நாலு பேர் லாட்டுதாவுக்கு இரண்டு சால்வை போர்த்தி வங்கிக்குக் கூட்டிப்போனார்கள். சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டில், துகாயின் கையெழுத்தில், விருப்பமில்லாத சாய்வோடு இப்படி இருக்கிறது: "ஹிரண்மய் மஜும்தார் மறைவுக்கான இரங்கல் தீர்மானம், இறால் என்பதை இலிஷ் என்று மாற்றும்படி காலமானவர் முன்மொழிந்த ஒரே திருத்தத்துடன் நிறைவேறியது. எதிர்ப்பு பதினேழு, இறால் தரப்பு."